கொட்டாவியின் கணக்கு நோட்டு

சார் இறந்த அன்று நான் செய்த உதவியை நினைத்தால், என் கையை நானே லிஃப்ட் கதவில் கொடுத்து நசுக்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. யாரும் என்னை அந்த உதவியைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். என் கைக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

நான் லிஃப்ட் மெக்கானிக். சார் எனக்கு ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் கணக்கு எடுத்தவர். முப்பத்து நான்கு வருடம் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அறை. மாடிப்படி ஏறியதும் இடது பக்கம் இரண்டாவது கதவு. தலைமையாசிரியர் பதவி இரண்டு முறை அவரைத் தேடி வந்தது. இரண்டு முறையும் "ஹெட்மாஸ்டர் ரூம்ல கரும்பலகை இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் அவருக்கே மேலதிகாரி ஆனார்கள். அவர்களுக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போவார். எங்களுக்குத்தான் வயிறு எரியும்.

அவருக்குப் புள்ளி சார் என்று பெயர். நோட்டுத் திருத்த சிவப்பு மையைத் தொடமாட்டார். "தப்பு உன்னோடது. அது மேல என் கலரை நான் ஏன் பூசணும்?" என்பார். கணக்கு எந்த வரியில் கோணிக்கொண்டு போகிறதோ அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடித்து, கீழே திரும்பப் போட்டு, புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறையும் தப்பு என்றால் மறுபடியும் அதே இடத்தில் புள்ளி வைத்து, பக்கத்தில் பொடி எழுத்தில் 'மறுபடி' என்று எழுதுவார். கணக்கு சரியானதும் அதையும் அழித்துவிட வேண்டும். வருடக் கடைசியில் பார்த்தால், சார் அந்த நோட்டைத் தொட்டார் என்பதற்கு ஓர் அடையாளம்கூட இருக்காது.

ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி பத்து நோட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க நோட்டே திருத்தறதில்லையா?" என்று எங்கள் எதிரிலேயே கேட்டார்.

"பசங்களே திருத்திக்கிட்டாங்க சார்" என்றார் எங்கள் சார்.

அதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. சார் அதற்குப் பதில் எழுதினாரா என்று தெரியாது. எழுதியிருந்தால் இன்றைக்கு அந்தத் தாளுக்காவது அலைந்திருப்பேன்.

அவரை ஏன் அப்படிப் பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு நாக்கு புரளாது. அவர் காத்திருப்பார், அதுதான். ஒரு நாள் ஒரு கணக்கு எனக்கு வரவே இல்லை. பள்ளி விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். சார் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "தப்பு எங்கயும் ஓடிப்போகாது. அந்த ஆறு வரிக்குள்ளதான் உக்காந்திருக்கு. மெதுவா தேடு" என்றார். இன்றைக்கும் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால், என்னோடு வேலை செய்கிறவர்கள் கன்ட்ரோல் போர்டையே மாற்றலாம் என்பார்கள். நான் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டு வருவேன். சந்தேகப்படும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். சரிசெய்ததும் விரலில் எச்சில் தொட்டு அதைத் துடைத்துவிடுவேன். முடித்த வேலையின் புள்ளியை அழிக்காமல் படியிறங்க எனக்கு வராது. இந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

சார் வீட்டுச் சமையலறையில், பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய கரும்பலகையிலிருந்து அறுத்தெடுத்த துண்டு ஒன்று தொங்கும். பெரிய தட்டு அளவுக்கு இருக்கும். வீட்டில் என்ன வேலை பாக்கியோ அதைச் சாக்கட்டியால் அதில் எழுதுவார். யார் அந்த வேலையை முடித்தாலும் அந்த வரியை அவர்களே துடைத்துவிட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களில் யார் போனாலும் பலகையைப் பார்த்து ஏதாவது ஒரு வரியைத் துடைத்துவிட்டுத்தான் வருவோம். துடைத்தவர்களுக்கு அம்மா டீ கொடுப்பார். சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

அன்று காலை எட்டு மணிக்கு அம்மா போன் செய்தார். சார் குளியலறை வாசலில் சரிந்துவிட்டார். நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றுகொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நான் இங்க கூட இருந்து கூட்டிட்டு வரேன். நீ போய் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுப்பா, ஆளுங்க வருவாங்க" என்றார்.

போய்ப் பார்த்தால் அங்கே ஒழுங்கு பண்ண என்ன இருக்கிறது? இரண்டு அறை, நான்கு நாற்காலி. நாற்காலிகளை எடுத்து வரிசையாகப் போட்டேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். பலகையில் ஐந்து வரி இருந்தது. சார் காலையில் எழுதியிருக்கிறார்.

குழாய் வாஷர். பின்கதவுத் தாழ்ப்பாள், எண்ணெய். மாடிப்படி பல்பு. மேஜைக் கால் ஆடுகிறது. ஐந்தாவதாக, மூட்டுவலித் தைலம், அவளுக்கு.

வேலை கிடைத்துவிட்டது என்று என் உடம்பே கொஞ்சம் நிமிர்ந்தது. வண்டியிலிருந்து பையை எடுத்து வந்து வாஷரை மாற்றினேன். ஒரு வரியைத் துடைத்தேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன், ஒரு வரி. பல்பு, ஒரு வரி. மேஜைக் காலுக்கு ஆணி, ஒரு வரி. தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடிப்போய்த் தைலம் வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். ஐந்தாவது வரியையும் துடைத்தேன். சாக்பீஸ் வெள்ளை லேசாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து பலகையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தேன். சார் பார்த்திருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் போன பிறகு அம்மா சமையலறைக்குள் வந்தார். பலகையைப் பார்த்தபடி நின்றார்.

"இதுல எழுதியிருந்துதே?"

"எல்லாத்தையும் முடிச்சிட்டேம்மா" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

"காலையில அவருக்கு வெந்நீர் வைக்கற அவசரத்துல நான் படிச்சுப் பார்க்கவே இல்ல. என்ன எழுதியிருந்தார்?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்தாவதைச் சொன்னதும் அம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவளுக்குன்னு எழுதியிருந்தாரா?"

"ஆமாம்மா."

"தைலம்னு மட்டும்தான் எழுதுவார் எப்பவும்." பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "ஈரத்துணி போட்டியா?"

"ஆமாம்மா."

"ம். நல்லா தொடச்சிருக்கே."

கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்து எனக்கு டீ போட்டார். வேலை முடித்துத் துடைத்தவனுக்குக் கொடுக்கிற டீ. குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு வரவும் முடியவில்லை.

நாலு நாள் கழித்துப் போனபோது அம்மா சாக்கட்டியை என்னிடம் நீட்டினார். "எந்த இடத்துல, எப்படி எழுதியிருந்தார்? எழுதிக் காட்டு." எழுதினேன். அம்மா தலையை ஆட்டிவிட்டுத் துடைத்தார். எழுத்தைச் சின்னதாக்கி இன்னொரு தடவை எழுதினேன். "அவர் கொஞ்சம் மேல ஏத்திக்கிட்டே போவார், கோடு போட்டாலும் நேரா வராது" என்றார். மூன்றாவது தடவை மேலே ஏற்றி எழுதினேன். அது குடித்தவன் எழுதியது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம்ப்பா. அவர் கையால எழுதினது ஒரு வரி கிடைச்சா போதும். நாப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல. அதனால ஒரு லெட்டர்கூட இல்ல, பாரு."

"நான் கொண்டு வரேம்மா."

வாய் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் எங்கிருந்து கொண்டு வருவேன் என்று யோசித்தேன். சார் டைரி எழுதியதில்லை. ஓய்வு பெற்ற அன்றே புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். "முடிஞ்ச கணக்கை வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்று பழைய தாள்களையெல்லாம் தானே கிழித்துப் போட்டவர் அவர். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். பழைய கட்டடத்தை இடித்தபோது பதிவேடுகளைக் கரையான் அரித்திருந்ததால் எரித்துவிட்டார்களாம். எழுத்தர் அதைச் சொல்லும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை.

பழைய மாணவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. நூற்று நாற்பது பேர். சாரின் எழுத்து யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். கும்பிடு போடும் கைகள் முப்பது வந்தன. அழுகிற மூஞ்சிகள் அதற்கும் மேல். ஒருவன் ஆறு பக்கத்துக்கு இரங்கற்பா எழுதியிருந்தான். கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். திரும்பக் கேட்டேன். அதற்கும் ஒரு கும்பிடு. கடைசியில் ஒரு புண்ணியவான் தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். கீழே சாரின் கையொப்பம் இருந்தது. நேரில் போய் அசலையே வாங்கி அம்மாவிடம் கொண்டு போனேன்.

அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இது ஆபீசுக்குப் போட்டதுப்பா. சிலிண்டர் வந்தாலும் இதே கிறுக்கலைத்தான் போடுவார்" என்று சொல்லி, மடங்காமல் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அரங்கில் நினைவுக் கூட்டம். ஏற்பாடு செய்தவன் எங்கள் வகுப்பில் படித்த மைக். இப்போது கட்டட ஒப்பந்தக்காரன். கையில் மைக்கைக் கொடுத்தால் பிடுங்கித்தான் வாங்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். ஒன்பது பேர் பேசினார்கள். ஒவ்வொருவரும் சாரில் தொடங்கித் தங்களிடம் வந்து முடித்தார்கள். ஒருவன் தன் கம்பெனி மூன்று நாட்டில் இருப்பதைச் சொன்னான். இன்னொருவன் தன் மகன் எந்தக் கல்லூரியில் என்பதைச் சொன்னான். சார் தன் வெற்றிக்குக் காரணம் என்றார்கள். அப்படிப் பார்த்தால் என் கிரீஸ் கைக்கும் அவர்தானே காரணம், அதை யார் மேடையில் சொல்வது? எனக்குக் காது புளித்துவிட்டது. அம்மா முதல் வரிசையில், பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அசையும் போதெல்லாம் அந்தத் தாள் சரசரத்தது. அதற்குப் பயந்தே அசையாமல் இருந்தார்.

நான் நேராக மேடைக்குப் போனேன்.

"டேய், பேசறதுக்கு லிஸ்ட் இருக்குடா" என்றான் மைக்.

"பேசறதுக்கு வரல. ஒரு கேள்வி."

அவன் கையிலிருந்த மைக்கை எப்படியோ வாங்கிக் கேட்டுவிட்டேன். "யார் வீட்டிலாவது பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு இருக்கிறதா?"

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கிய பெண். இப்போது கண் டாக்டர். "என்கிட்ட ரெண்டு வருஷத்து நோட்டும் இருக்கு. எல்லாமே பத்திரமா வச்சிருக்கேன்!"

அம்மா திரும்பிப் பார்த்தார். பிளாஸ்டிக் தாள் சரசரத்தது.

"ஒரு புள்ளிகூட இல்லாம!" என்றாள் அவள்.

அரங்கமே கை தட்டியது. உடனே ஆளாளுக்கு எழுந்து, என் நோட்டிலும் ஒரு புள்ளி கிடையாது, என்னிடமும் கிடையாது என்று போட்டி போட்டார்கள். அம்மாவும் மெதுவாகக் கை தட்டினார். நூறு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், சார் சொன்னதைக் கேட்காத ஒரு தறுதலை கிடையாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அங்கே யாரையும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? முதல் துடைப்பு என்னுடையதுதானே.

வீட்டுக்கு வந்து ஷூவை ஒரு மூலைக்கு ஒன்றாகக் கழற்றி எறிந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"கூட்டத்துக்கு வந்தவங்க எல்லாம் தப்பைத் திருத்திக்கிட்டவங்க. அவங்ககிட்ட எப்படிங்க இருக்கும்?" என்றாள். "திருத்தாதவன் ஒருத்தன்கூடவா உங்க கிளாஸ்ல இல்ல? எல்லாரும் அவ்வளவு ஒழுங்கா?"

கையில் இருந்த சாக்ஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒருவன் இருந்தான். கொட்டாவி.

வகுப்பு தொடங்கி ஐந்தாவது நிமிடம் அவன் வாய் திறக்கும். அது மூடுவதற்குள் பெஞ்ச் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். நோட்டில் வரிக்கு வரி புள்ளி வாங்குவான். ஒன்றையும் அழிக்கமாட்டான். "மொத்தமா சேத்து ஒரு நாள் போட்டுடறேன் சார்" என்பான். சார் அதற்கும் காத்திருந்தார். பத்தாவதின் நடுவில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, லாண்டரிக் கடையைப் பார்க்க ஆளில்லாமல் படிப்பை விட்டுவிட்டான். பரீட்சை எழுதாதவனைப் பழைய மாணவர் குழுவில் யார் சேர்ப்பார்கள்? எங்களுக்கு அவன் நினைப்பே வரவில்லை. சார் மட்டும் தன் சட்டைகளைக் கடைசிவரை அந்தக் கடையில்தான் போட்டு வந்தார்.

சாயங்காலமே போனேன். இரண்டு ஆள் அகலத்தில் நீளமாக உள்ளே போகும் கடை. சுவர் முழுக்க எண் கட்டிய துணிகள் தொங்கின. நீராவி இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் சீறிக்கொண்டிருந்தது. கொட்டாவிக்குத் தலை பாதி வழுக்கை. மேஜையில் துணிகளை ஒதுக்கிவிட்டு எதையோ குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தான்.

"வாடா! கரெக்டான நேரத்துக்கு வந்தே. எனக்கு ஒரு சந்தேகம்."

மேஜையில் இருந்தது மஞ்சளேறிய கணக்கு நோட்டு. பக்கத்தில் ஒரு பென்சில். அதற்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்.

"என்னடா பண்றே?"

"சார் போனது தெரிஞ்சதும் மனசே ஆறல. மொத்தமா போட்டுடறேன்னு சொன்னேன் இல்ல அவர்கிட்ட? அந்தக் கடன் இருக்கக்கூடாதுன்னு நோட்டைத் தேடி எடுத்தேன். ரெண்டு வாரமா இதே வேலை. பழைய புஸ்தகத்துல பின்னாடி விடை இருக்கே, அதை வச்சிப் போட்டு, வர்ற வரைக்கும் விடல." நோட்டைப் பெருமையாகப் புரட்டிக் காட்டினான். "இருநூத்துப் பன்னெண்டு புள்ளி. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்!"

நான் பக்கங்களைப் புரட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சும்மா அழித்திருந்தாலாவது பென்சில் அழுத்திய தடம் கொஞ்சம் இருந்திருக்கும். இவன் முப்பது வருடமாக அடுத்தவர் சட்டையில் கறை எடுக்கிறவன். நான் புரட்டியதில் ஒரு பக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

"தடம் தெரியுதா பாரு? தெரியாது. கறை எடுக்கறதுல என்னை அடிச்சிக்க ஆளில்ல" என்றான்.

"அட சண்டாளா!" என்று கத்தினேன். சட்டை வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இத்தனை வருஷம் சும்மா இருந்தே இல்ல? இன்னும் ரெண்டு வாரம் சும்மா இருந்தா என்னடா?"

கொட்டாவிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு அடங்கியது. நான் பலகையைத் துடைத்துவிட்டு நின்ற அதே மூஞ்சி அது. அம்மா கேட்டதையும் நான் செய்ததையும் அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை அணைத்தான். கடையில் சத்தம் நின்றது.

"அப்போ இந்த ஒண்ணும் முடியாம இருக்கறது நல்லதுக்குத்தானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எந்த ஒண்ணு?"

"அதைத்தானே சந்தேகம்னு சொன்னேன். இது புஸ்தகத்துல இல்லாத கணக்கு. சாரே சொல்லிப் போடச் சொன்னது. எத்தனை தடவை போட்டாலும் ஒம்போதுதான் வருது."

கடைசிப் பக்கத்தைத் திறந்தான். அங்கே, இரண்டாவது வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்து, மேலே ஏறிக்கொண்டே போனது. மறுபடி.

முதல் வேலையாக மேஜையிலிருந்த ரப்பரை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கணக்கு இதுதான். ஒரு எண்ணிலிருந்து நான்கைக் கழித்து, வந்ததை மூன்றால் பெருக்க வேண்டும். அது, அந்த எண்ணின் இரண்டு மடங்கோடு ஐந்தைக் கூட்டினால் வருவதற்குச் சமம். எண் என்ன? கொட்டாவி எண்ணை மூன்றால் பெருக்கியிருந்தான், அந்த நான்கைப் பெருக்காமல் விட்டிருந்தான். அன்றும் விட்டிருக்கிறான், இந்த இரண்டு வாரமும் விட்டிருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு வர வேண்டும்.

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாக அம்மா வீட்டுக்குப் போனோம். கொட்டாவி நோட்டைச் சலவைச் சட்டை சுற்றும் தாளில் சுற்றி எடுத்து வந்தான். அம்மா அதைப் பிரித்து, காலாட்டம் நின்ற அந்த மேஜையின் மேல் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரலை எழுத்தின் மேல் வைக்கவில்லை. எங்கே அழிந்துவிடுமோ என்று ஓர் அரை அங்குலம் தள்ளி, மேலேறிப் போகும் அந்த வரியோடு விரலைக் கொண்டு போனார். ஒரு தடவை போய்விட்டு, தொடக்கத்துக்கு வந்து இன்னொரு தடவை போனார்.

"அவர்தான்" என்றார்.

அழுதார். பதினைந்து நாளில் நான் இருக்கும்போது அவர் அழுதது அதுதான் முதல் தடவை. கொட்டாவி சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுல என்ன தப்பு?"

"அதான்மா தெரியல" என்றான் கொட்டாவி. "இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

"போடாதே!" என்றோம் நானும் அம்மாவும் ஒரே குரலில்.

அம்மா என்னைப் பார்த்தார். சாரோடு நாற்பத்தொரு வருடம் இருந்தவர். யார் முகத்தில் விடை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

"உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"இவனுக்குச் சொல்லிடாதே. எனக்கும் சொல்லாதே."

"சொல்லலம்மா."

இப்போது அந்த நோட்டு, கடைசிப் பக்கம் திறந்தபடி, கண்ணாடிச் சட்டத்துக்குள் கரும்பலகைக்கு மேலே தொங்குகிறது. கண்ணாடிக்கு நான்தான் அளவெடுத்துச் சட்டம் போட்டேன். கொட்டாவி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். "டேய், எங்கடா தப்பு? அதையாவது சொல்லேன், தூக்கமே வரல" என்கிறான். அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம்! போனை வைத்துவிடுகிறேன்.

எனக்கு மட்டும் நிம்மதியா? ஒரு திருகு தளர்ந்த லிஃப்டைத் தாண்டிப் போக முடியாதவன் நான். வாரம் ஒரு முறை அம்மா வீட்டுக்குப் போகிறேன். பலகையில் அம்மா எழுதி வைத்ததை முடிக்கிறேன், ஒவ்வொரு வரியாகத் துடைக்கிறேன். அம்மா டீயை நீட்டுகிறார். தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே ஒன்பது. பெருக்காமல் விட்ட நான்கு. அதன் ஓரத்தில் புள்ளியை வைத்துவிட்டு, மறுபடி, மறுபடி என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார் சார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் சொன்னதைக் கேட்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.